தந்தை பெட்டியைத் திற

கன்னியப்பனுக்கு இருபத்தாறாவது வயதில் பணி ஓய்வு கொடுத்தார்கள். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், கையில் ஒரு ஊன்றுகோலும் கொடுத்தார்கள். ஊன்றுகோலை வாங்கிய கையோடு அவன் மேடையிலிருந்து ஒரே தாவலில் கீழே குதித்தான். முன்வரிசை அதிகாரிகள் அதைப் பார்த்து, இந்த வயதிலும் மனிதருக்கு என்ன சுறுசுறுப்பு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

இது நடந்தது 1976-ல், அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அகில பாரத வாஷர் கழகத்தில். வாஷர் என்பது நடுவில் ஓட்டை உள்ள வட்டத் தகடு. கழகம் அதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை. யுத்த காலத்தில் ஆவடியில் ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கியபோது நாற்பது பேர் தகட்டை வெட்டினார்கள், ஒருவர் அதை நோட்டில் குறித்துவைத்தார். பிறகு அது பொதுத்துறையாகி அம்பத்தூருக்குக் குடிவந்தது. வெட்டுகிறவர்கள் அதே நாற்பது பேர்தான் இருந்தார்கள். குறித்துவைக்கிறவர்கள் நூற்றுப்பத்துப் பேர் ஆகிவிட்டார்கள். ஓட்டையிலிருந்து விழும் சின்ன வட்டங்களைக் கவனிக்க மட்டும் தனியாக ஒரு துணை மேலாளர் இருந்தார். நல்ல மனிதர், யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை.

கன்னியப்பனின் தகப்பன் துலுக்கானம் வெள்ளானூரில் கூலிக்கு ஏர் பிடித்தவர். ஆவடிக் கொட்டகை திறந்த வருஷமே உள்ளே நுழைந்து, இருபத்தேழு வருஷம் பிரஸ் மெஷினில் தகடு வெட்டி, 1970 அக்டோபரில் ஒரு நாள் மத்தியானம் மெஷின் மேலேயே சாய்ந்து இறந்துபோனார். பணியில் இருக்கும்போது இறந்தால் வாரிசுக்கு வேலை என்று ஒரு விதி இருந்தது. அதை அதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை, ஏனென்றால் யாரும் இறக்க முன்வரவில்லை. அந்த விதியின் கீழ் கழகத்தில் வேலை பெற்ற ஒரே ஆள் கன்னியப்பன்தான்.

சேர்ந்த அன்று அவனுக்குப் பித்தளை டோக்கன் ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. புது டோக்கன் அடிக்க மூன்று கையெழுத்து வேண்டும். ஸ்டோர்காரர் சோம்பேறி. துலுக்கானத்தின் 417-ஆம் எண் டோக்கனை எடுத்து, பக்கத்தில் ஓர் 'ஏ' அடித்துக் கொடுத்துவிட்டார். கன்னியப்பன் 417-ஏ ஆனான். ஐந்து வருஷம் அந்த ஏ யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அது ஒரு பெரிய அறை முழுக்க நின்றது. அதற்குக் குளிர்சாதனம் போட்டார்கள். தகடு வெட்டுகிற இடத்தில் ஒரு மின்விசிறி கேட்டு எட்டு வருஷமாகப் போட்டிருந்த மனுவும் அந்த அறையில்தான் பத்திரமாக இருந்தது. கம்ப்யூட்டர் அதிகாரியாக பக்தவத்சலம் வந்தார். அவர் நார்வே தேசத்தில் எட்டு மாதம் பயிற்சி எடுத்தவர், கத்திரி வெயிலிலும் கம்பளிக் கோட்டைக் கழற்றாதவர். தொடக்க விழாவில் அவர் பேசினார்.

"நண்பர்களே! இதுவரை இந்தக் கழகத்தில் ஊழியர்கள் இருந்தார்கள். இன்று முதல் வகுப்புகள்தான் இருக்கும். மேலே ஒரு வகுப்பு, அதன் கீழே அதன் வாரிசு வகுப்பு. மேல் வகுப்புக்குத் தெரிந்த செயல்கள் எல்லாம் கீழ் வகுப்புக்குக் கேட்காமலே வந்துசேரும். ஒரு காரியம் என்று வந்தால் முதலில் கீழே தேடுவோம். இல்லையென்றால் மேலே தேடுவோம். அங்கும் இல்லையென்றால் அதற்கும் மேலே. இதில் மனிதன் யோசிக்க வேண்டிய இடமே கிடையாது. நானே எட்டு மாதம் யோசித்துப் பார்த்தேன். அப்படி ஓர் இடம் எனக்கு அகப்படவில்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். புரியாத பேச்சுக்குக் கை தட்டாமல் இருந்தால் புரியவில்லை என்று தெரிந்துவிடும் அல்லவா?

காரியத்தில் அது இப்படி இருந்தது. ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் ஓட்டை போட்ட அட்டைகள். லீவுக்கு ஓர் அட்டை, பூட்சுக்கு ஓர் அட்டை, ஓய்வுக்கு ஓர் அட்டை. லீவு என்று வந்தால் அவர் பெட்டியிலிருந்து லீவு அட்டையை எடுத்து மெஷினில் கொடுப்பார்கள். அட்டை சொல்வது நடக்கும். பெட்டியில் அந்த அட்டை இல்லாவிட்டால் 'தந்தை பெட்டியைத் திற' என்று மெஷின் அச்சடிக்கும்.

கழகத்தில் மற்ற எல்லா எண்களும் மொட்டையாக இருந்தன. வால் இருந்த ஒரே எண் 417-ஏ. அதைப் பார்த்ததும் பக்தவத்சலத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அசல் அப்பனுக்கு அசல் வாரிசு, நார்வேயில்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. "இவனுக்கு ஒரு அட்டைகூடப் போட வேண்டாம். எல்லாம் மேலிருந்து வரும்" என்று உத்தரவிட்டார். கன்னியப்பனின் பெட்டி காலியாக அலமாரியில் ஏறியது. அதற்கு மேல் தட்டில் துலுக்கானத்தின் பெட்டி நிறைய அட்டைகளோடு உட்கார்ந்திருந்தது.

முதலில் பூட்ஸ் வந்தது. துலுக்கானத்துக்குப் பத்தாம் நம்பர் கால். கன்னியப்பனுக்கு ஏழு. கந்தல் துணியைத் திணித்துக்கொண்டு நடந்தான். அடுத்து டீ. துலுக்கானத்துக்குச் சர்க்கரை வியாதி. கேண்டீனில் 417-ஏ-க்குச் சர்க்கரை போடாத டீயைத்தான் நீட்டினார்கள்.

"யோவ், எனுக்கு ஷுகர் கிடையாதுய்யா" என்றான் கன்னியப்பன்.

"லிஸ்ட்ல கீது மாமே. மெஷின் பொய் சொல்லுமா?" என்றான் டீ ஊற்றுகிறவன்.

இதற்கெல்லாம் அவன் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நிரந்தர வேலை என்றால் சும்மாவா? கேட்டுக்கு வெளியே தினமும் ஐம்பது பேர் அந்த வேலைக்காகக் காத்து நின்றார்கள். கள்ளிக்குப்பத்தில் வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடு, நிறைமாதமாக மனைவி நாகவல்லி. கால் பெரிய பூட்சுக்குள் வழுக்கினாலும் வேலைக்குள் நிற்கிறது என்று பொறுத்துக்கொண்டான்.

பிப்ரவரியில் நாகவல்லிக்கு வலி கண்டது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் அறை ஜன்னலில் நின்றான். அங்கே அட்டையில் ஓட்டை போடுகிறவள் ஞானகுமாரி. ஆவடியில் மாதாகோயில் தெருப் பெண், நாலு வார்த்தையில் முடிகிற இடத்தில் அஞ்சாவது வார்த்தை பேசமாட்டாள். அன்று மெஷின் துப்பிய தாளைப் பார்த்துவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

"கன்னியப்பா, லீவு சேங்ஷன். காரணம் இன்னான்னு படிக்கட்டா?"

"பொஞ்சாதி பிரசவம்னு எழுதியிருந்தேனே யக்கா."

"உன் பொட்டில பிரசவ அட்டை இல்ல. மேல போச்சு. 'மனைவி பிரசவம். பிறந்தது ஆண். பெயர் கன்னியப்பன்.' நீ பொறந்ததுக்கு உனுக்கே லீவு குடுத்துகீறாங்க."

அவனும் சிரித்தான். பிறகு அவள் மீதியைப் படித்தாள். "கேட்டது நாலு நாள். கொடுத்தது ஒரு நாள். அதனால உனுக்கும் ஒரு நாள்தான்."

கன்னியப்பனின் சிரிப்பு நின்றுபோயிற்று. அவன் பிறந்தபோது நைனா வந்து பார்க்கவே இல்லை, மெஷினே கதியென்று கிடந்தார் என்றுதான் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். நாலு நாள் கேட்டார் என்று யாரும் சொன்னதில்லை. இருபத்தாறு வருஷமாக மனதுக்குள் அந்த மனிதர் மேல் வைத்திருந்த ஒரு கோபம் போய், வேறு ஒருவர் மேல் புதிதாக ஒரு கோபம் வந்தது. யார் மேல் என்று மட்டும் அப்போது விளங்கவில்லை.

அந்த ஒரு நாளில் ஆண் குழந்தை பிறந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் தாத்தா பெயரை வை என்றார்கள். கன்னியப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நைனா மேல் அவனுக்கு அன்றுதான் பாசம் பொங்கியிருந்தது என்றாலும், எண்ணுக்கு வால் முளைத்து அவன் பட்டது போதும்.

"எங்க வம்சத்துல யாருக்கும் இல்லாத பேரா வைக்கணும்" என்றான். ஆனந்தன் என்று வைத்தார்கள். அந்த வம்சத்தில் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை.

ஜூன் மாதம் பத்தாம் தேதி ஓய்வு உத்தரவு வந்தது. துலுக்கானம் 1918-ல் பிறந்தவர். இருந்திருந்தால் ஜூன் முப்பதாம் தேதி ஐம்பத்தெட்டு முடியும். அவர் பெட்டியில் இருந்த ஓய்வு அட்டை சரியாக நாள் பார்த்து எழுந்துகொண்டது. 417-க்கு ஓய்வு. 417-ஏ பெட்டியில் ஓய்வு அட்டை இல்லை, மேலே போய்ப் பார்த்ததில் அதே அட்டை. ஆகவே 417-ஏ-க்கும் ஓய்வு.

கன்னியப்பன் உத்தரவை எடுத்துக்கொண்டு பக்தவத்சலத்திடம் ஓடினான். குளிர் அறையில் அவர் கோட்டின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், எனுக்கு இருவத்தாறு வயசு சார். புள்ளைக்கு நாலு மாசம் ஆவுது. வேலை போச்சுன்னா ஊடே போச்சு சார்."

"வேலை போகவில்லையப்பா. ஓய்வு வந்திருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்."

"இன்னா வித்தியாசம் சார்?"

"போனால் நீ எங்களைத் திட்டுவாய். வந்தால் நாங்கள் உனக்கு மாலை போடுவோம்."

அவன் அழுதுவிடுவான் போல இருந்தது. பக்தவத்சலம் இரக்கமே இல்லாதவர் அல்ல. மேசையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். "இதற்கு வழி இருக்கிறது. விதி ஏழு. மகன் தனக்கென்று சொந்த அட்டை எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த அட்டையின் முதல் வரி தந்தையின் அட்டையை அழைப்பதாக இருக்க வேண்டும். தந்தை செய்ததைச் செய்து முடித்த பிறகு, இரண்டாவது வரியில் நீ உன் விருப்பப்படி செய்துகொள். மூத்தவர்களை மதிக்காமல் சொந்தமாக ஒன்றைச் செய்கிற வழக்கம் இந்தக் கழகத்தில் இல்லை. நானே ஒன்றும் சொந்தமாகச் செய்ததில்லை."

அவனுக்கு உயிர் வந்தது. ஞானகுமாரி அட்டையைப் போட்டாள். முதல் வரி: தந்தையின் ஓய்வு அட்டையை அழை. இரண்டாவது வரி: கன்னியப்பனுக்கு 2008-ல் ஓய்வு. போடும்போதே அவள் உதட்டைக் கடித்தாள். "சார், மொதல் வரியே அவரை ரிட்டேர் பண்ணிடுமே" என்றாள்.

"அதனால் என்ன? அதன் பிறகு இரண்டாவது வரி வரும்."

அட்டை உள்ளே போயிற்று. மெஷின் முதல் வரியைப் படித்தது. கன்னியப்பன் அந்த நிமிஷமே ஓய்வு பெற்றான். ஓய்வு பெற்றவனுக்குப் பெட்டி கிடையாது. பெட்டி இல்லாதவனுடைய அட்டையை மெஷின் படிக்காது. இரண்டாவது வரி அப்படியே வாயில் நின்றது. முப்பதாம் தேதி போக வேண்டிய வேலை, பக்தவத்சலம் இரக்கப்பட்டதால் பதினோராம் தேதியே போயிற்று.

மறுநாள் பிரிவுபசார விழா நடந்தது. பொது மேலாளர் செங்கல்வராயனிடம் அதற்கென்று ஓர் உரை இருந்தது. அவருக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போனது. அவரும் தனக்கு முன்னால் இருந்தவரிடமிருந்து பெற்றதுதான். பெயர் வருகிற இடத்தில் மட்டும் கோடு போட்டிருக்கும்.

"திரு. கன்னியப்பன் அவர்கள் தம் இளமை முழுவதையும் இந்தக் கழகத்துக்குத் தந்தவர்" என்று அவர் தாளைப் பார்த்துப் படித்தார். "அவருடைய நரைத்த தலையைப் பார்க்கும்போது என் கண்கள் பனிக்கின்றன. இனி அவர் பேரன் பேத்திகளோடு பொழுதைக் கழிப்பார். இவரைப் போல் ஒருவர் இனிக் கிடைக்கமாட்டார். ஆகவே இவர் இடத்தை நிரப்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்."

அதன் பிறகுதான் சால்வையும் ஊன்றுகோலும் வந்தன.

கள்ளிக்குப்பத்தில் நாகவல்லி வாசலிலேயே நின்றாள். மாலையைப் பார்த்தாள், ஊன்றுகோலைப் பார்த்தாள், புருஷனின் கறுகறு தலையைப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது கூத்து? பால் குடிக்கிற புள்ளைய வெச்சுகினு உனுக்கு ரிட்டேரா? எவன்யா குடுத்தான்?"

"நைனா கார்டு குடுத்துச்சு."

"செத்துப் போன மனுசனை ஏன்யா இழுக்கிற?"

"அவுரு செத்துட்டாருன்னு மெஷினுக்குத் தெரியாது நாகு."

சொன்ன பிறகுதான் அவன் தான் சொன்னதையே யோசித்தான். அட, தெரியாதுதான். துலுக்கானம் இறந்தபோது மெஷின் இல்லை. மெஷின் வந்தபோது அவர் இறந்ததைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இறந்த பிறகு இந்த ஆறு வருஷமும் அவர் பெட்டியில் பணியில்தான் இருந்தார். நாகவல்லி சட்டென்று பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய் தகரப் பெட்டியைக் கவிழ்த்து மாமனாரின் இறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தாள். "போ. போய் மூஞ்சில வுட்டு எறி" என்றாள்.

கன்னியப்பன் மூஞ்சியில் விட்டு எறியவில்லை, இரண்டு கையாலும் கொடுத்தான். பக்தவத்சலம் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை? தந்தை இறந்துவிட்டார் என்றால் அவர் பெட்டியில் ஓய்வு அட்டைக்கே இடம் கிடையாதே! எடுத்துவிடுவோம். அதற்குப் பதில் இறப்பு அட்டை போடுவோம். உன் ஓய்வு தானாக ரத்தாகிவிடும்."

இரண்டே நாளில் செய்துவிட்டார்கள். கழகத்தின் முப்பத்து மூன்று வருஷத்தில் இவ்வளவு விரைவாக நடந்த காரியம் வேறு இல்லை. துலுக்கானத்தின் ஓய்வு அட்டை குப்பைக்குப் போயிற்று. இறப்பு அட்டை உள்ளே வந்தது. சரி பார்ப்பதற்காக மெஷினை ஒரு முறை ஓட்டினார்கள். 417: இறந்தார், 14-10-1970. அடுத்த எண், 417-ஏ: சொந்த அட்டை இல்லை. தந்தை பெட்டியைத் திற.

417-ஏ: இறந்தார், 14-10-1970.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் கறுப்புக் கட்டம் கட்டிக் கன்னியப்பனின் பெயர் இருந்தது. கழகத்தின் சார்பில் ஒரு மலர் வளையம் கள்ளிக்குப்பத்துக்குப் போயிற்று. கன்னியப்பனே அதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். நாகவல்லி அதிலிருந்த சாமந்தியைப் பிய்த்துக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, வாழை நாரை மட்டும் எதற்காவது ஆகும் என்று வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம்தான் அவள் அழுதாள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். செத்தவனுக்கு யார் வீடு கொடுப்பார்கள்?

இரங்கல் கூட்டத்துக்குக் கன்னியப்பன் போனான். நியாயம் கேட்கத்தான் போனான். ஆனால் அவன் வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் எழுந்து நின்று இரண்டு நிமிஷம் மௌனம் காத்தார்கள். மரியாதைக்கு அவனும் நின்றான். செங்கல்வராயன் பேசினார். இந்த உரைக்கு மூத்தவர்கள் விட்டுப்போன தாள் கிடைக்கவில்லை, ஆகையால் மெஷின் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு சொந்தமாகப் பேச வேண்டியதாயிற்று.

"காலஞ்சென்ற கன்னியப்பன் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1970-ல் அவர் இறந்துவிட்டார். இறந்த பிறகும் ஆறு வருஷம் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வேலைக்கு வந்தார்! மரணத்தைக் காரணம் காட்டி அவர் ஒரு நாள் லீவு கேட்டதில்லை. உயிரோடு இருக்கிற சிலர் இதைப் பார்த்துத் திருந்த வேண்டும். நம் அதிகாரிகளும் பாராட்டுக்குரியவர்கள். ஆறு வருஷமாக ஓர் இறந்தவரிடம் வேலை வாங்குகிறோம் என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு உயிருள்ளவர்களையும் அவ்விதமே வைத்திருக்கிறார்கள்."

பலத்த கைதட்டல் எழுந்தது. இறங்கி வரும்போது அவர் கண்ணில் கன்னியப்பன் பட்டான். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது.

"நீங்கள் அவருக்கு என்ன வேண்டும்?"

"ரொம்ப நெருங்குன சொந்தம் சார்."

"மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

கூட்டம் கலைந்தது. கன்னியப்பன் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டான். முன்பு விளங்காமல் இருந்த கோபம் இப்போது நன்றாகவே விளங்கியது. ஆனால் இறந்தவன் யாரிடம் போய்க் கோபப்படுவது? ஞானகுமாரி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அழுவாத. நீ செத்தது நல்லதாப் போச்சு."

"இன்னா யக்கா, நீயுமா?"

"ரிட்டேர் ஆனவனுக்கு இந்த ஆபீஸ்ல ஒரு ரூலும் கிடையாது. செத்தவனுக்குக் கீது. சர்வீஸ்ல செத்தா வாரிசுக்கு வேலை. மனு போடு."

"என் வாரிசு நாலு மாசத்துப் புள்ள யக்கா. அவன் வந்து பிரஸ் ஓட்டுவானா?"

"உன் பொட்டில வாரிசு அட்டை கீதா?"

"என் பொட்டில ஒண்ணுமே கிடையாது."

"அப்ப மெஷின் எங்க போவும்?"

கன்னியப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தான். மெஷின் மேலே போகும். நைனா பெட்டியைத் திறக்கும். நைனாவின் வாரிசு அட்டையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. இறந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தான்.

மனு போட்ட மூன்றாம் நாள் உத்தரவு வந்துவிட்டது. 'பணியில் இறந்த 417-ஏ கன்னியப்பனின் இடத்தில், அன்னாரின் வாரிசும் மகனுமான கன்னியப்பனை நியமிக்கிறோம்.' பக்தவத்சலம் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அவனை உட்காரச் சொன்னார்.

"அதாவது, நீ உனக்கே மகன்."

"ஆமா சார்."

"நீ இறந்ததால் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது."

"ஆமா சார். ரொம்ப டாங்க்ஸ் சார்."

பக்தவத்சலத்தின் கண் கலங்கியது. "இரண்டு தலைமுறை வாரிசு! நார்வேக்கு இதை எழுதப் போகிறேன்" என்றார்.

ஸ்டோர்காரர் அதே பழைய டோக்கனில் இன்னொரு ஏ அடித்துக் கொடுத்தார். 417-ஏ-ஏ. ஒரே பெயரை ஒரே தேதியில் இரண்டு தடவை சாகடிக்க விதி இல்லாததால், இறப்பு மட்டும் இந்தத் தடவை கீழே இறங்கவில்லை. ஆறு வருஷ அனுபவம் இறந்தவரோடு போய்விட்டதால் கன்னியப்பன் தகுதிகாண் ஊழியனாகச் சேர்ந்தான். போன வருஷம் அவனிடம் வேலை கற்றுக்கொண்டவன், பிரஸ்ஸில் கையை எங்கே வைக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவன் பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாளில் சொந்த அட்டைகள் எழுதிக்கொள்ளலாம். இந்தத் தடவை ஒன்றையும் விடக்கூடாது என்று ஞானகுமாரி எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டாள். விதி ஏழுப்படி எல்லா அட்டைக்கும் முதல் வரி தந்தையைக் கூப்பிட்டது. அதனால் பத்தாம் நம்பர் பூட்ஸ் ஒரு ஜோடியும் ஏழாம் நம்பர் ஒரு ஜோடியும் வந்தன. சர்க்கரை இல்லாத டீ ஒன்று வந்தது, அதன் பின்னால் சர்க்கரை போட்ட டீ ஒன்று வந்தது. டீ ஊற்றுகிறவன் முறைத்தான். "லிஸ்ட்ல கீது மாமே" என்றான் கன்னியப்பன்.

"ஓய்வுக்கு மட்டும் அட்டை போட வேணாம். மேல யாருக்கும் ஓய்வு இல்ல, அதனால உனுக்கும் வராது" என்றாள் ஞானகுமாரி.

"அப்ப எத்தினி வருசம் வேலை செய்யணும்?"

"சாவற வரைக்கும்."

"எந்தச் சாவு?" என்று கேட்டான்.

கடைசியாக வாரிசு அட்டை. அவள் வெற்று அட்டையை மெஷினில் சொருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பையன் பேரு ஆனந்தன்தானே? போடட்டா?"

காலையில் கிளம்பும்போது நாகவல்லி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்: மறக்காமல் பிள்ளை பெயரைப் போட்டுவிட்டு வா, பிற்காலத்தில் அவனுக்கும் ஒரு வழி ஆகட்டும். அவள் சொன்னதில் தப்பில்லை. கேட்டுக்கு வெளியே நிற்கிற ஐம்பது பேரும் அதைத்தான் சொல்வார்கள். கன்னியப்பன் கையிலிருந்த பித்தளை டோக்கனைப் பார்த்தான். 417, ஏ, ஏ. அந்த வட்டத்தில் இன்னும் ஓர் ஏ அடிக்க இடம் இருந்தது. நைனா கேட்ட நாலு நாளும், கொடுத்த ஒரு நாளும் அவனுக்கு ஞாபகம் வந்தன.

"யக்கா, மொதல் வரி இன்னா வரும்?"

"ரூல்தான். மேல போய்ப் பாக்கும். உங்க நைனா அட்டையில உன் பேரு. வாரிசு கன்னியப்பன்னு வரும்."

"அப்ப எனுக்கு வாரிசு நானே."

"ஆமா."

"நான் செத்தாலும் நானே வருவேன்."

"ஆமா."

"அது போதும். ரெண்டாவது வரில, வேற யாரும் இல்லன்னு போட்டு முட்ச்சிடு."

"வூட்ல கேப்பாங்களே?"

"கேக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்."

ஞானகுமாரி ஓட்டைகளைப் போட்டாள். அட்டை பெட்டிக்குள் போயிற்று. பெட்டி அலமாரியில் மற்ற இரண்டு பெட்டிகளுக்கும் கீழே ஏறி உட்கார்ந்தது. கன்னியப்பன் ஏழாம் நம்பர் பூட்சை மாட்டிக்கொண்டு, பத்தாம் நம்பரைக் கையில் தூக்கிக்கொண்டு பிரஸ் மெஷினுக்கு நடந்தான். நைனாவின் பூட்சை மெஷினுக்கு அடியில் ஓரமாக வைத்துவிட்டு முதல் தகட்டை வெட்டினான்.

கள்ளிக்குப்பத்தில் அந்நேரம் ஆனந்தன் வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு, ஓர் எண்ணும் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தான்.